சுழலாத விசிறி

நம் கல்லூரியின் விழா மலருக்குக் கட்டுரையொன்று தருக எனப் பழைய மாணவர் சங்கத்தார் கேட்டபொழுது, தமிழாசிரியனாகிய என்னிடமிருந்து இலக்கியப் பொருள் ஒன்றனையே அவர்கள் எதிர்பார்த்திருத்தல் கூடும். நான் எடுத்துக்கொண்ட பொருளோ மோட்டார்ச் சைக்கிளின் குளிர்விசிறி. இதனைக் கண்டு நகைப்போர் நகைக்க. இம்மலரைப் படிக்கும் பழைய மாணவருள்ளும் ஆசிரியருள்ளும் மோட்டார்ச் சைக்கிள் வைத்திருப்போர் பலர். அவ்வண்டிகளுள் நீராற் குளிரும் எஞ்சின் பூட்டியவையும் இன்று உள. அவற்றின் விசிறி சுழலாதொழிந்தால் நேரும் இடர் யாது, அதன் காரணத்தை எவ்வொழுங்கில் தேடுதல் வேண்டும் என்பவற்றை அறியாமையால் நான் ஒரு மாதச் சம்பளத்திற் பெரும் பங்கை வீணாக்கினேன். கையையும் முகத்தையும் வேகவைத்துக்கொள்ளவும் இருந்தேன். அவ்வறியாமை பிறர்க்கு நேராதிருத்தல் வேண்டும் என்பதே இதனை எழுதுதற்குக் காரணம்.

நல்லூர் வீதியில் நேர்ந்தது

2023 ஆம் ஆண்டு நல்லூர்த் திருவிழாக் காலத்தில் ஒரு மாலை. கோயிலைச் சூழ்ந்த வீதிகள் வாகனங்களுக்கு அடைக்கப்பட்டிருந்தமையால், பக்கத்து ஒழுங்கைகளிலே வண்டிகள் எறும்பு ஊர்வது போல ஊர்ந்தன. நானும் அவற்றினிடையே அரை மணி நேரம் அகப்பட்டிருந்தேன். திடீரென வெப்பங் காட்டும் செவ்விளக்கு எரிந்தது. வண்டியை ஓரமாக நிறுத்தினேன். உள்ளே நீர் கொதிக்கும் ஓசை கேட்டது. எஞ்சின் அத்துணைச் சூடேறியும், றேடியேற்றரின் பின்னேயுள்ள விசிறி அசைவற்றிருந்தது.

நீர் குறைந்துவிட்டது போலும் என எண்ணி, கைக்குட்டையை நனைத்து றேடியேற்றரின் மூடிமேல் இட்டுத் திருகப் போனேன். அருகேயிருந்த தண்ணீர்ப் பந்தலில் மோர் வார்த்துக்கொண்டிருந்த முதியவர் ஒருவர், "தம்பி, கையை எடும்! மூடியைத் திறக்காதேயும்!" என்று கூவினார். முற்காலத்தில் லொறி ஓட்டியவராம். அருகில் வந்து தம் முன்கையை நீட்டிக் காட்டினார். முழங்கை தொட்டு மணிக்கட்டு வரை தோல் சுருங்கி வெளிறிக் கிடந்தது. இளமையில் ஒருநாள் அவசரப்பட்டு ஒரு மூடியைத் திறந்ததன் பயன் அது என்றார்.

அவர் தடுத்ததன் காரணத்தை முதலில் விளக்குதல் தகும். திறந்த பாத்திரத்தில் நீர் 100 பாகை செல்சியஸில் கொதிக்கும். றேடியேற்றரின் மூடியோ ஒரு வில்லினால் இறுக்கப்பட்டு, உள்ளேயுள்ள அழுத்தத்தை வெளி வளியின் அழுத்தத்திலும் ஏறத்தாழ ஒரு மடங்கு மிகுதியாக வைத்திருக்கின்றது. அவ்வழுத்தத்தில் நீர் 120 பாகை அளவிலேயே கொதிக்கும். ஆகவே, 110 பாகைச் சூட்டிலும் உள்ளே அது கொதியாது நீராகவே இருக்கும். மூடியைத் திறந்த கணமே அழுத்தம் நீங்குகின்றது. அந்நீரின் ஒரு பகுதி அக்கணமே ஆவியாகி, எஞ்சிய கொதிநீரையும் வாரிக்கொண்டு முகத்தை நோக்கிப் பாய்கின்றது. நனைத்த கைக்குட்டை அதனைத் தடுக்க வல்லதன்று. எஞ்சினை நிறுத்தி, ஒரு மணி நேரமாவது ஆறவிட்டு, றேடியேற்றரைத் தொட்டுப் பார்த்துக் கை பொறுக்கும் சூடே உளது என்று கண்ட பின்னரே மூடியிற் கை வைத்தல் வேண்டும். இக்கட்டுரையில் வேறெதனை மறந்தாலும் இதனை மறவாதிருக்க.

விசிறியின் தொழில்

எஞ்சினில் எரியும் பெற்றோலின் சத்தியில் நான்கிலொரு பங்கு தொடங்கி மூன்றிலொரு பங்கு வரையே சில்லைச் சுழற்றப் பயன்படுகின்றது. எஞ்சியதெல்லாம் வெப்பமாகப் புகைக்குழாய் வழியாகவும் எஞ்சினின் சுவர் வழியாகவும் வெளியேறுதல் வேண்டும். நம்மூர் வீதிகளில் நெடுங்காலமாக ஓடிவரும் சிறு வண்டிகளில் இவ்வெப்பத்தை நீக்குவது காற்றே. சிலிண்டரைச் சுற்றியுள்ள தகட்டு விளிம்புகள் அதன்பொருட்டு அமைந்தவை.

நீராற் குளிரும் மோட்டார்ச் சைக்கிளும் புதியதன்று. இங்கிலாந்தில் 1908 ஆம் ஆண்டு தொடங்கப்பட்ட ஸ்கொற் நிறுவனம் அத்தகைய வண்டிகளை அக்காலத்திலேயே செய்தது. சூடேறிய நீர் மேலெழும், குளிர்ந்த நீர் கீழிறங்கும் என்னும் இயல்பு ஒன்றையே கொண்டு அவற்றில் நீர் சுற்றியோடியது. 1974 இல் ஹொண்டா வெளியிட்ட கோல்ட் விங் போன்ற பெரிய வண்டிகளில் நீரைச் செலுத்தப் பம்பியும், றேடியேற்றருக்கு மின்விசிறியும் அமைந்தன. இன்று அவ்வமைப்புச் சிறிய வண்டிகளுக்கும் வந்துவிட்டது.

அதன் ஒழுங்கு இது. பம்பியானது கூலன்ற் என்னும் குளிர்திரவத்தை எஞ்சினைச் சுற்றி ஓட்டுகின்றது. எஞ்சின் போதிய சூடு ஏறும் வரை தேமோஸ்ரற் என்னும் சிறு கதவு றேடியேற்றருக்குச் செல்லும் வழியை மூடி வைத்திருக்கும். பல வண்டிகளில் 70 பாகைக்கும் 85 பாகைக்கும் இடையே அது திறக்கும். பின்னர்ச் சூடான திரவம் றேடியேற்றரின் மெல்லிய குழாய்களினூடே சென்று, எதிர்க்காற்றினாற் குளிர்ந்து மீளும். வண்டி ஓடும்பொழுது இவ்வெதிர்க்காற்றே போதும். வண்டி நிற்கும்பொழுது காற்றில்லை, எஞ்சினோ எரிந்துகொண்டிருக்கின்றது. புகையிரதக் கடவையில் நிற்கும்பொழுதும், திருவிழாக் கூட்டத்தில் ஊரும்பொழுதும் காற்றைத் தருவதற்காகவே விசிறி அமைந்தது.

ஆதலால், விசிறி சுழலவில்லையே என்று அஞ்சுவோர் முதலிற் கேட்கவேண்டிய வினா, அது இப்பொழுது சுழல வேண்டுமா என்பதே. பெரும்பாலான வண்டிகளில் திரவம் 95 பாகை தொடக்கம் 105 பாகை வரையுள்ள ஓர் எல்லையை அடைந்த பின்னரே விசிறி சுழலத் தொடங்கும். சில பாகை தணிந்ததும் தானே நின்றுவிடும். காலைக் குளிரில் வீட்டிலிருந்து கல்லூரி வரை ஓடி வந்த வண்டியில் அது ஒருமுறையேனும் சுழலாதிருத்தல் பழுதன்று. வண்டியை நிறுத்தி எஞ்சினை ஓடவிட்டு, வெப்பமானி மேலேறியும், அல்லது செவ்விளக்கு எரியும் நிலை வந்தும் அது சுழலாவிடின் அதுவே பழுது.

மின்னோட்டத்தின் பாதை

விசிறி தனியே நிற்கும் பொருளன்று. ஒரு பாதையின் முடிவில் நிற்பது. அப்பாதையை மனத்திற் கொண்டவர்க்கு ஆராய்ச்சி எளிதாகும்.

பற்றரியின் நேர்முனையிலிருந்து புறப்படும் மின்னோட்டம் பியூஸ் எனப்படும் உருகியினூடு செல்லும். அங்கிருந்து றிலே என்னும் காவலாளியிடம் வரும். றிலே என்பது ஒரு சிறு மின்காந்தமும் அதனால் இழுக்கப்படும் ஓர் ஆளியும் சேர்ந்தது. விசிறிக்கு வேண்டிய பெரிய மின்னோட்டத்தைச் சிறு மின்னோட்டம் ஒன்றினால் திறக்கவும் மூடவும் அது உதவுகின்றது. றிலே மூடியதும் மின்னோட்டம் விசிறியின் மோட்டாரை அடைந்து, அதனைச் சுழற்றி, எர்த் எனப்படும் கம்பி வழியாக வண்டியின் சட்டத்திற்குச் சென்று, பற்றரியின் மறைமுனைக்கு மீளும். போகும் வழியைப் போலவே மீளும் வழியும் இன்றியமையாதது.

றிலேயை மூடச் சொல்வது யார்? பழைய அமைப்புடைய வண்டிகளில் றேடியேற்றரிற் பூட்டிய வெப்ப ஆளி ஒன்று உண்டு. குறித்த சூடு ஏறியதும் அதனுள்ளேயிருக்கும் ஈருலோகத் தகடு வளைந்து இணைப்பை மூடும். சிலவற்றில் றிலே இன்றி இவ்வாளியே விசிறியை நேராக இயக்கும். புதிய வண்டிகளிலோ வெப்பமுணர் கருவி ஒன்று உண்டு. அது திறப்பதும் மூடுவதும் இல்லை; சூடு ஏற ஏற அதன் மின்தடை குறைந்துகொண்டே வரும். பல வண்டிகளில் 20 பாகையில் ஏறத்தாழ 2,000 ஓமுக்கு மேலிருக்கும் தடை, 80 பாகையில் ஏறத்தாழ 300 ஓமாகக் குறையும். வண்டியின் சிறு கணினி அதனை அளந்து, வேளை வந்ததும் றிலேயை மூடும். தம் வண்டி இவ்விரண்டனுள் எவ்வகை என்பதை அதன் கைந்நூலைப் பார்த்து முன்னரே அறிந்துகொள்ளுதல் நலம்.

ஆராயும் ஒழுங்கு

திருக்குறளின் மருந்து என்னும் அதிகாரத்தில், நோய் இன்னதென அறிந்து, அதன் காரணத்தை அறிந்து, பின்னரே தீர்க்கும் வழியை நாடுமாறு வள்ளுவர் கூறுவதை மாணவர் அறிவர். யந்திரத்திற்கும் அவ்வொழுங்கே பொருந்தும். கையில் வேண்டியவை மூன்று: மல்ற்றிமீற்றர் ஒன்று, பழைய சிக்னல் பல்பு ஒன்றில் இரு கம்பிகளைப் பற்றவைத்துச் செய்த சோதனை விளக்கு, உருகியுடன் கூடிய நீண்ட கம்பித் துண்டு.

முதலாவது, குளிர்ந்த எஞ்சினில் திரவத்தின் அளவைப் பார்க்க. திரவம் குறைந்தால் உணர்கருவியைச் சுற்றி நீருக்குப் பதிலாக வளி நிற்கும். எஞ்சின் வெந்துகொண்டிருக்கையிலும் கருவி அதனை உணராது, விசிறியும் சுழலாது. அவ்வாறே தேமோஸ்ரற் திறவாது ஒட்டிக்கொண்டால் எஞ்சின் கொதிக்க, றேடியேற்றர் தண்ணென்றிருக்கும். வெப்ப ஆளி றேடியேற்றரிற் பூட்டப்பட்டிருப்பின் அதற்கு ஏதும் தெரியாது. இவ்விரண்டிலும் விசிறி குற்றமற்றது.

இரண்டாவது, திறப்பைக் கழற்றி எடுத்த பின், விசிறியின் இதழை விரலாற் சுழற்றிப் பார்க்க. திறப்பு இருக்கையில் விரலை வைத்தல் ஆகாது; சூடான எஞ்சினில் விசிறி எக்கணமும் தானே சுழலத் தொடங்கலாம். சேறும் சிறு கல்லும் இடையில் அகப்பட்டு இதழைத் தடுத்தல் உண்டு. இறுகியிருப்பின் மோட்டாரே பழுது.

மூன்றாவது, உருகியைப் பார்க்க. அது எரிந்திருந்தால் அதே அளவுடைய ஒன்றை இடுக. 10 அம்பியர் என எழுதியிருப்பின் 10 அம்பியரே இடல் வேண்டும். கம்பியையும் சிகரெட்டுப் பெட்டியின் ஈயத்தாளையும் இடுவோர் வண்டிக்குத் தீ வைப்போரே. புதிய உருகியும் உடனே எரியுமாயின், மோட்டார் இறுகியிருத்தல் வேண்டும். அன்றேல் கம்பியின் தோல் உரிந்து சட்டத்திற் படுதல் வேண்டும்.

நான்காவது, விசிறியின் இணைப்பைக் கழற்றி, பற்றரியிலிருந்து நேரே மின்னூட்டுக. நேர்முனை நேர்க்கம்பிக்கும் மறைமுனை மறைக்கம்பிக்குமாக, இடையே உருகியுடன் இணைத்தல் வேண்டும். சுழலாவிடின் மோட்டார் பழுது, ஆராய்ச்சி முடிந்தது. சுழன்றால் மோட்டார் நன்று. பழுது பாதையில் உளது. இவ்வொரு சோதனை ஐயத்தைப் பாதியாகக் குறைப்பதைக் கவனிக்க. புதிய மோட்டார் வாங்குமுன் இதனைச் செய்யாதொழிதல் பெருந்தவறு.

ஐந்தாவது, வெப்ப ஆளியுடைய வண்டியாயின், அதன் இரு கம்பிகளையும் கழற்றி ஒன்றோடொன்று இணைத்து, திறப்பைத் திருகுக. ஒற்றைக் கம்பி ஆளியாயின் அக்கம்பியைச் சட்டத்திற் தொடுக. விசிறி சுழன்றால், ஆளியே பழுது. கழற்றிய ஆளியைச் சூடான நீரில் அமிழ்த்தி மீற்றரால் சோதித்தலும் உண்டு. ஆயின் 105 பாகையில் மூடும் ஆளியைத் திறந்த பாத்திரத்து வெந்நீரில் இட்டு, அது மூடவில்லை என்று எறிந்துவிடல் கூடாது. அந்நீர் 100 பாகைக்கு மேற் செல்லாது. கணினியுடைய வண்டிகளில் உணர்கருவியின் கம்பிகளை இவ்வாறு இணைத்தல் ஆகாது. சோதனை விளக்கையும் அவற்றிற் தொடுத்தல் ஆகாது. அங்கே கருவியின் தடையை மீற்றரால் அளந்து கைந்நூலோடு ஒப்பிடுவதே முறை.

ஆறாவது, றிலே. எஞ்சின் உரிய சூட்டை அடைந்ததும் அதனிடமிருந்து 'டிக்' என்னும் ஓசை எழல் வேண்டும். ஓசை இல்லையாயின், அதற்குக் கட்டளை வரவில்லை, அல்லது அதன் சுருள் அறுந்தது. ஓசை எழுந்தும் விசிறிக்கு மின் செல்லாவிடின் உள்ளேயுள்ள தொடுமுனைகள் கருகியிருத்தல் கூடும். வண்டியில் அதே வகை றிலே வேறொன்று இருப்பின் இரண்டையும் மாற்றிப் பூட்டிப் பார்த்தல் எளிய சோதனை.

ஏழாவதும் இறுதியானதும் எர்த் கம்பி. இதனைக் கடைசியாக வைத்ததற்குக் காரணம், நான் ஏமாந்த இடம் அதுவே என்பதாம்.

மீற்றர் காட்டிய பன்னிரண்டு

நல்லூரில் நின்ற வண்டியை ஆறவிட்டு, மறுநாள் ஒரு கராச்சுக்குக் கொண்டு சென்றேன். அங்கே எஞ்சினைச் சூடாக்கி, விசிறியின் இணைப்பைக் கழற்றி, அதன் இரு முனைகளிலும் மீற்றரை வைத்தனர். மீற்றர் 12 வோல்ற்று காட்டியது. "மின் வருகின்றது, விசிறி சுழலவில்லை, ஆகவே மோட்டார் பழுது" என்றனர். தருக்கம் பிழையற்றதாகவே எனக்குத் தோன்றியது. 2022 ஆம் ஆண்டின் பொருளாதார நெருக்கடிக்குப் பின் உதிரிப்பாகங்களின் விலை ஏறியிருந்த காலம் அது. கொழும்பிலிருந்து மோட்டாரை வருவித்துப் பூட்டினேன். பூட்டியபொழுது எஞ்சின் குளிர்ந்திருந்தமையால் அது சுழல்கின்றதா என்று எவரும் பார்க்கவில்லை. இரண்டாம் நாள் புகையிரதக் கடவையில் மீண்டும் செவ்விளக்கு எரிந்தது.

அதன் பின்னரே நம் கல்லூரிப் பழைய மாணவர் ஒருவரிடம் சென்றேன். என்னிடம் தமிழ் கற்றவர். இப்பொழுது தம் வீட்டு முற்றத்திலே வண்டி திருத்துகின்றார். என் பாடத்தில் அவர் பெற்ற புள்ளிகளை இங்கு எழுதுதல் முறையன்று. நான் கதை முழுவதையும் சொல்லக் கேட்ட அவர், "சேர், மீற்றரிலை பன்னிரண்டு காட்டும். விசிறிக்குக் கரண்ட் போகுதோ எண்டது வேறை கதை" என்றார். பின்னர் மீற்றரை ஒதுக்கிவிட்டுச் சோதனை விளக்கை எடுத்தார். விசிறிக்கு வரும் நேர்க்கம்பிக்கும் பற்றரியின் மறைமுனைக்கும் இடையே தொடுத்தபொழுது விளக்குப் பளிச்சென எரிந்தது. அந்நேர்க்கம்பிக்கும் விசிறியின் எர்த் கம்பிக்கும் இடையே தொடுத்தபொழுது எரியவில்லை. எர்த் கம்பியைத் தடவிக்கொண்டே சென்று, அது சட்டத்தில் முறுக்கப்பட்டிருந்த ஆணியைக் கழற்றினார். கம்பியின் நுனியெங்கும் பச்சைக் களிம்பு படர்ந்திருந்தது. செம்பிற் களிம்பு என்னும் சித்தாந்த உவமையை வகுப்பிற் பன்முறை விளக்கியவன் நான். செம்புக் கம்பியில் அதனைக் கண்ணாற் கண்டது அன்றே.

மீற்றர் ஏன் 12 காட்டியது? ஒரு சிறு கணக்கினால் விளங்கும். 36 வாற்று விசிறி 12 வோல்ற்றில் 3 அம்பியரைக் கொள்ளும். எளிமைக்காக அதன் தடை 4 ஓம் எனக் கொள்வோம். களிம்பேறிய முடிச்சின் தடை 20 ஓம் எனின், பாதையின் மொத்தத் தடை 24 ஓம். அப்பொழுது ஓடும் மின்னோட்டம் 3 அம்பியரன்று, அரை அம்பியரே. 12 வோல்ற்றில் 10 வோல்ற்று அம்முடிச்சிலேயே கழிய, விசிறிக்குக் கிடைப்பது 2 வோல்ற்று. அதனால் விசிறி அசையாது. மீற்றரின் உட்தடையோ பெரும்பாலும் ஒரு கோடி ஓம். அதன்வழி ஓடும் மின்னோட்டம் மிகமிக அற்பம். ஒரு கோடியின் முன் 20 ஓம் ஒரு பொருட்டன்று. ஆகவே, விசிறியைக் கழற்றிவிட்டு அளந்தால் களிம்பு இருந்தும் இல்லாததுபோல 12 வோல்ற்றே காட்டும். விசிறியைப் பூட்டியபடியே, அல்லது சோதனை விளக்கைப் போலச் சுமையொன்றைத் தொடுத்து அளந்தால் அன்றி உண்மை வெளிப்படாது.

களிம்பை அரத்தாளால் தேய்த்து, சட்டத்தின் வர்ணத்தையும் வட்டமாகச் சுரண்டி, ஆணியை இறுக்கி, மேலே கிரீஸ் பூசினார். எஞ்சினை ஓடவிட்டோம். சில நிமிடத்தில் றிலே 'டிக்' என்றது, விசிறி சுழன்றது. பின்னர்ப் பழைய மோட்டாரைப் பற்றரியில் தொடுத்துப் பார்த்தார். அதுவும் சுழன்றது. அது இன்றும் என் வீட்டு அலுமாரியில் இருக்கின்றது.

வீடு திரும்பும் வழியில் ஒன்று நினைவுக்கு வந்து என்னை நாணச் செய்தது. தொண்ணூறுகளின் முற்பகுதியில், குடாநாட்டில் மின்சாரம் இல்லாத காலத்தில், நான் இக்கல்லூரியில் மாணவன். துவிச்சக்கர வண்டியைத் தலைகீழாக நிறுத்தி, பெடலைக் கையாற் சுற்றி, டைனமோவின் மின்னில் வானொலிச் செய்தி கேட்ட காலம் அது. அக்காலத்தில் கற்ற பழைய மாணவர் அனைவர்க்கும் அது நினைவிருக்கும். டைனமோவிலிருந்து வருவது ஒரே கம்பி. மீளும் வழி வண்டியின் சட்டமே. வானொலி பேசாதொழிந்தால் நாங்கள் டைனமோவைக் குறை கூறியதில்லை. அது சட்டத்தைத் தொடும் இடத்தில் வர்ணத்தையும் துருவையும் சுரண்டுவோம், வானொலி பேசும். வாங்குதற்குக் கடையில் ஏதும் இல்லாத காலத்தில் பன்னிரண்டு வயதில் அறிந்திருந்த ஒன்றை, வாங்குதற்குக் கடை இருந்த காலத்தில் நாற்பது வயதில் மறந்துவிட்டேன்.

நம்மூருக்குரிய இரு பகைகள்

களிம்பிற்குக் காரணம் வெகுதூரத்தில் இல்லை. பண்ணைப் பாலத்தினூடும் தீவுப்பகுதி வீதிகளிலும் கரையோரத்திலும் நாள்தோறும் ஓடும் வண்டிகளில் உப்புக்காற்றுப் படிகின்றது. உப்பும் ஈரமும் செம்பை அரிக்கும். ஆண்டுக்கொருமுறை, மாரிக்குப் பின்னர், எர்த் முடிச்சையும் விசிறியின் இணைப்பையும் கழற்றித் துடைத்துக் கிரீஸ் இட்டால் இப்பழுது பெரும்பாலும் வாராது.

மற்றது கிணற்று நீர். நமது குடாநாடு சுண்ணக்கல்லின் மேல் அமைந்தது. நம் கிணறுகளிற் பெரும்பாலானவை வன்னீர்க் கிணறுகள். கேத்தலின் அடியில் வெண்படலம் படிவதை வீட்டிலுள்ளோர் அறிவர். றேடியேற்றரிற் கிணற்று நீரை வார்த்தால் அதே படலம் மெல்லிய குழாய்களை அடைக்கும். உணர்கருவியையும் போர்வைபோல மூடி, சூட்டை அது பிந்தி அறியச் செய்யும். உரிய கூலன்றைக் காய்ச்சி வடித்த நீருடன் கைந்நூல் கூறும் அளவில், பெரும்பாலும் சரிபாதியாக, கலந்து இடுதலே தக்கது. வழியில் வேறு கதியின்றிக் கிணற்று நீர் வார்க்க நேர்ந்தால், வீடு சேர்ந்ததும் அதனை வடித்துவிடுக.

வழியில் விசிறி நின்றால்

செவ்விளக்கு எரிந்தால் ஓரமாக நிறுத்தி எஞ்சினை அணைக்க. வெந்த எஞ்சின்மேல் குளிர்ந்த நீரை ஊற்றாதிருக்க. உலோகம் திடீரெனச் சுருங்கி வெடித்தல் கூடும். ஆறிய பின் திரவத்தையும் உருகியையும் பார்க்க. திரவம் குறையாதிருந்து, வீடு செல்ல வேண்டியிருப்பின், வெறுமையான வீதியில் நிதானமான வேகத்தில் ஓடுக, எதிர்க்காற்றே விசிறியாகும். நிற்க நேரும் இடங்களில் எஞ்சினை அணைத்து நிற்க. விளக்கு மீண்டும் எரிந்தால் ஓட்டத்தை அங்கேயே முடிக்க. எரியும் விளக்கோடு ஓட்டியவர்களின் எஞ்சினில் தலைப்பகுதியின் கஸ்கற் எரிந்து, விசிறியின் விலையைப் பன்மடங்கு கடந்த செலவு நேர்ந்ததுண்டு.

சிலர் விசிறியைப் பற்றரியோடு நேரே தொடுத்து எந்நேரமும் ஓடவிடுவர். அவசரத்தில் அன்று வீடு சேர்தற்கு அது உதவும். நிலையாக விட்டால் பற்றரி வற்றும், மோட்டார் தேயும், உண்மையான பழுது மறைந்தபடியே வளரும்.

சுழலாத விசிறியைக் கண்டவுடன் விசிறியைக் குறை கூறுவது இயல்பு. கண்ணுக்குத் தெரிவது அதுவே அன்றோ? ஆயினும் அது பாதையின் கடைசியில் நிற்பது. அதற்கு முன்னும் பின்னும் உள்ளவற்றை ஒவ்வொன்றாகப் பார்த்த பின்னரே அதன்மேற் பழி சுமத்தல் வேண்டும். வகுப்பில் விடை கூறாது நிற்கும் மாணவனைக் காணும்பொழுதும் இப்பொழுதெல்லாம் எனக்கு அவ்வாணியும் பச்சைக் களிம்புமே நினைவுக்கு வருகின்றன. அன்று என் வகுப்பிற் கடைசி வாங்கில் இருந்தவரே எனக்கு இதனைக் கற்பித்தவர். அவர்க்கும், தண்ணீர்ப் பந்தலில் என் கையைத் தடுத்த பெரியவர்க்கும் என் நன்றி உரியது. டைனமோச் சுற்றிய அம்மாணவரையும், வண்டி திருத்தும் இம்மாணவரையும் ஒருங்கே வளர்த்த நம் கல்லூரி நீடு வாழ்க.